நூத்துக்கு எத்தனை

உக்காருங்க அம்மிணி. பாத்து, சித்த பாத்து. மடியில இருக்கறது முட்டைங்க, ஒரு தட்டு. மேல வையுங்கன்னு கண்டக்டரு ரெண்டு தடவை சொல்லிட்டாரு, நான் வெக்கல. இன்னைக்கு இதுக்கு வேலை இருக்குது. பதினோரு மணிக்கு நாமக்கல்லுல காலேசுல ஒரு கூட்டம், பண்ணைக்காரங்களையும் கூப்புட்டிருக்காங்க. நெதர்லாந்துலிருந்து ஒரு வெள்ளக்காரப் பொம்பளை வந்திருக்கறா. அவ மேசை மேல இந்தத் தட்டை வெச்சு, "எங்கடி புகை வருது? இதுல எந்த முட்டையில வருது? காட்டு பாக்கலாம்"னு கேக்கப் போறேன். காட்டாம எப்படி ஏரோப்ளேன் ஏறறான்னு பாத்தர்றேன்.

கோவமாத்தான் இருக்கறேன். மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுங்களா? தெரியட்டும்.

எம்பேரு தெய்வானைங்க. எருமப்பட்டிப் பக்கம் தோட்டம். முட்டைக் கோழிப் பண்ணை வெச்சிருக்கறேன். கோழி எத்தனைங்களா? கெடக்குது ஒரு பத்தாயிரம். அதை வெச்சுக்கிட்டு என்னத்த, ஏதோ ஓடுது. முட்டையெல்லாம் சுமாராத்தான் போடுதுங்க. அதை உடுங்க. நீங்க என்ன வேலை? டீச்சருங்களா? கணக்கு டீச்சரா? அப்ப நெம்ப நல்லதாப் போச்சு. நீங்களே கேட்டு நாயம் சொல்லுங்க.

போன மாசம் பேப்பர்ல பாக்கலீங்களா? "நெதர்லாந்து முட்டையை விட நாமக்கல் முட்டைக்குப் புகை அதிகம்"னு கொட்டை எழுத்துல போட்டிருந்தான். டீக்கடையில படிச்சுட்டு ஒவ்வொருத்தரா வந்து எங்கிட்டக் காட்டறாங்க. நான் கேக்கறேன், கோழி என்ன பீடியா குடிக்குது? காலையில எந்திரிச்சு தீவனம் தின்னுட்டு, தண்ணி குடிச்சுட்டு, செவனேன்னு முட்டை போடற சீவனுங்க அது. அதும்மேல போயி இப்படி ஒரு பழிய எழுதறதுன்னா அந்தக் கை என்ன கை?

அந்தக் கை யாரு கைன்னு கேளுங்க. கேளுங்களே. எம்புள்ள கைங்க! நான் பெத்த புள்ள, சங்கவி. வேற எவளாவது எழுதியிருந்தா வெளக்கமாத்த எடுத்துக்கிட்டுப் போயிருப்பேன், ஒரே நாள்ல தீந்திருக்கும். சொந்தப் புள்ளைக்கு எதை எடுக்கறது?

ஒரே புள்ளைங்க. மாட்டு டாக்டருக்குப் படிச்சா. படிச்சமா, ஒரு ஆஸ்பத்திரியில உக்காந்து ஊசி போட்டமான்னு இல்ல, மேல படிக்கறேன்னா. செரின்னேன். என்னடி படிப்புன்னா, ஒரு முட்டைக்கு எவ்வளவு புகைன்னு கண்டுபுடிக்கற படிப்பாம். இங்க நாப்பது பண்ணை, நெதர்லாந்துல நாப்பது பண்ணை. ஒரு முட்டை போட்டு வர்றதுக்குள்ள யாரு பூமிய அதிகமாச் சூடாக்கறாங்கன்னு ரெண்டு நாட்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கறதாம். அதுக்காக அங்கயே போயி ஆறு மாசம் இருந்தா. குளுருல ஒதடெல்லாம் வெடிச்சு வந்து நிக்கறா. எனக்குப் பெத்த வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது.

மொதல்ல எனக்கு ஒண்ணும் வெளங்கல. பொரிச்சாத்தானடி புகை வரும்னேன். விழுந்து விழுந்து சிரிச்சா. அப்பறம் வெளியடுப்புக்கிட்ட என்னை உக்கார வெச்சுச் சொன்னா. "அம்மா, மக்காச்சோளத்துக்கு உரம் போடறாங்க. சோளமும் சோயாப் புண்ணாக்கும் எங்கெங்கிருந்தோ லாரியில வருது. மில்லுல அரைக்கறோம். மோட்டாரு ஓடுது. எரு குமிஞ்சு கெடந்து ஆவி உடுது. இத்தனையையும் சேத்தா ஒரு பெரிய புகை. அதை முட்டைக்குப் பங்கு போடறதுதான் என் வேலை"ன்னா. நான் அப்பவும் முழிச்சேன். ஒலை கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. அதைக் காட்டுனா. "இந்த ஒரு சட்டி சோத்துக்கு ஒரு கட்டு வெறகு எரியுது. பத்துப் பேரு தின்னா ஆளுக்குக் கொஞ்சம் வெறகு. அஞ்சே பேரு தின்னா ஆளுக்கு ரெட்டிப்பு. வெறகு என்னமோ அதேதான். பங்குதான் மாறுது"ன்னா. அது வெளங்குச்சுங்க. நல்லாத்தான் சொல்லுவா அவ. அதுல நான் குத்தம் சொல்லல.

ஆனா நாயம்னு ஒண்ணு இல்லீங்களா? எங்க ஷெட்டுக்குச் செவுரே கெடையாது. காத்து இந்தப் பக்கம் நொழைஞ்சு அந்தப் பக்கம் போகுது, வெளிச்சம் சும்மா வருது. அங்க கோழிக்கு நாலு பக்கமும் செவுரு, ஃபேனு, லைட்டு, முட்டை உருண்டு வர்றதுக்குக்கூட மிசினாம். அத்தனையும் கரண்ட்டு. வருசமெல்லாம் சட்டை மேல சட்டை போட்டுக்கிட்டு காருல போறவன் சுத்தமாம். செருப்பில்லாம தீவனம் அள்ளறவ புகையாம். சொல்லுங்க, இது அடுக்குமா?

அந்த வெள்ளக்காரம்மா எங்க தோட்டத்துக்கே வந்தாங்க, போன தை மாசம். எம்புள்ளதான் கூட்டியாந்தா. அவளுக்கு அந்தம்மாதான் அந்த ஊர்ல வாத்தியாராம். பேரு என்னமோ, வாயில நொழையல. தென்னை மரத்துல பாதி ஒசரம். காலை மருந்துத் தண்ணியில நனைச்சுட்டு உள்ள வெச்ச ஒடனே ரெண்டு கையையும் கன்னத்துல வெச்சுக்கிட்டு "ஓ... ஓ..."ங்கறா. எவ்வளவு அழகான கோழி, எத்தனை கோழி, என்ன மினுமினுப்புன்னு சொல்றாங்கம்மான்னு எம்புள்ள அதைத் தமிழ்ல வேற சொல்றா. மூணு ஷெட்டு, ஷெட்டுக்குப் பத்தாயிரம், அத்தனையையும் அந்தப் பச்சைக் கண்ணு ஒரே பார்வையில... என்ன அப்படிப் பாக்கறீங்க? பத்தாயிரம்னு நான் ஷெட்டுக்குத்தான் சொன்னேன்.

பொறவு எம்புள்ள படிவத்தை எடுத்தா. என்னைப் பாத்து "நீங்க"ங்கறா! "வருசத்துக்கு எத்தனை டன்னு தீவனம் வாங்கறீங்க?" எல்லாப் பண்ணையிலயும் ஒரே மாதிரித்தான் கேக்கோணுமாம், அம்மான்னு தனிச் சலுகை இல்லையாம். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கோவம் ஒரு பக்கம். தீவனத்தை உள்ளது உள்ளபடி சொன்னேன். லாரி வர்றது ஊருக்கே தெரியும், அதுல ஒளிக்க என்ன இருக்குது? கரண்ட்டுச் சீட்டைக் குடுத்தேன். டீசலைச் சொன்னேன். எருவைச் சொன்னேன். வருசம் பூராச் சேத்துப் பாத்தா நூறு கோழிக்கு ஒரு நாளைக்கு எத்தனை முட்டைன்னு கேட்டா, அதுக்கும் ஒண்ணு சொன்னேன். கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். அந்தம்மா கையெடுத்துக் கும்புட்டுட்டுப் போச்சு.

காரு வேலியத் தாண்டலீங்க, அதுக்குள்ள உப்பையும் மொளகாயையும் எடுத்து மூணு ஷெட்டையும் சுத்தி அடுப்புல போட்டேன். நெடியே வரலீங்க. ஒரு தும்மல் இல்ல. அம்புட்டுக் கண்ணு!

அதுக்கு மேல அந்தப் பேப்பருக்காரன். சேதி வந்த அன்னைக்கே பக்கத்துத் தோட்டத்து நாச்சிமுத்தண்ணன் எங்க வாசல்ல வந்து நின்னு கத்தறாரு. அவரு பண்ணையும் அந்த நாப்பதுல ஒண்ணு. "ஏம்மா தெய்வானை, உம்புள்ளைய வெளிநாட்டுக்கு அனுப்பிச்சது இதுக்குத்தானா? நம்ம முட்டைய இனி எந்த நாட்டுக்காரன் தொடுவான்? வளத்த லச்சணமா இது?"ங்கறாரு. எங்கூட்டுக்காரரு போயி பதிமூணு வருசத்துல ஒருத்தரு என்னை வாசல்ல வந்து ஒரு சொல்லு சொன்னதில்லீங்க. எம்புள்ளையால கேட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலம் அவளே போன் பண்றா. "அம்மா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. நம்ம கோழி திங்கற தீவனத்துக்கும் நீ சொன்ன முட்டைக்கும் ஒத்தே வரல. இதெல்லாம் சீக்குக் கோழியா, இல்ல உன் கணக்கே கப்சாவான்னு எங்க காலேசு சாரு கேக்கறாரு. நாப்பது பண்ணையும் இப்படித்தான் இருக்குது. எங்கிட்டயாவது நெசத்தைச் சொல்லும்மா"ங்கறா.

எனக்கு எப்படி இருக்கும்? பெத்தவளைப் பாத்து நெசத்தைச் சொல்லுங்கறா! அப்ப நான் பொய்க்காரியா? "யாருடி பொய்க்காரி? உனக்குக் கணக்குப் போடத் தெரியலேன்னா எங்கோழி மேல பழி போடறியா? இனிமே எனக்குப் போன் பண்ணாதே, நான் செத்தாலும் வராதே"ன்னு வெச்சுட்டேன்.

இருவத்தி நாலு நாளாச்சுங்க. பண்ணவே இல்ல. வேற எதுக்கும் நான் சொன்னதைக் கேக்க மாட்டா. இதை மட்டும் கேட்டுக்கிட்டா பாருங்க.

இன்னைக்குக் கூட்டத்துல அவளை நிக்க வெச்சு அதையேதான் கேப்பாங்களாம். தீவனத்துக்கும் முட்டைக்கும் ஏன் ஒத்து வரலைன்னு பதில் சொல்லலேன்னா, மூணு வருசம் படிச்சது அத்தனையும் குப்பைக்கு. மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும். அவகூடத் தங்கியிருக்கற புள்ள நேத்து எங்கிட்டச் சொன்னா. "அத்தை, அவ நாலு நாளாச் சோறு திங்கல. அழுதுக்கிட்டே கணக்கைத் திருப்பித் திருப்பிப் போடறா"ன்னா. போடட்டும்! பெத்தவளைத் தலைகுனிய வெச்சால்ல, நல்லாப் போடட்டும்! எனக்கு மட்டும் சோறு எறங்குதாக்கும்? ராவெல்லாம் அவ சின்னதுல முட்டைத் தட்டு மேல உக்காந்து ஒடைச்சதுதான் நெனப்புல வருது. எழவு, தூக்கம் எங்க வருது?

இன்னொரு கூத்தைக் கேளுங்க. அந்த நெதர்லாந்துல ஒருத்தன் ஷெட்டு வாசல்லயே லைட்டுப் போட்டுப் பலகை மாட்டி வெச்சிருக்கானாம். இன்னைக்கு நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு முட்டைன்னு. வர்றவன், போறவன், தபால்காரன், அத்தனை பேரும் பாக்கறானாம். எம்புள்ளைய எடுக்கச் சொல்லி அதுக்கு முன்னாடி நின்னு போட்டோ வேற எடுத்துக்கிட்டானாம். அவனுக்கு என்ன பித்தா?

என்ன கேட்டீங்க? நானா? நான் எத்தனைன்னு சொன்னேன்னா?

எழுவதுன்னு சொன்னேன்.

பின்னே? அந்தம்மா அப்படிக் கண்ணை விரிச்சுக்கிட்டு நிக்கறப்ப வேற என்னத்தச் சொல்றது? எழுவதுன்னுதான் சொல்லோணும். எங்க பக்கம் எந்தப் பண்ணைக்காரரை வேணும்னாலும் கேளுங்க. எழுவதும்பாரு, மிஞ்சிப்போனா எழுவத்தி ரெண்டும்பாரு. அதுக்கு மேல ஒரு வாயிலிருந்தும் வராது. அது பொய்யில்லீங்க! நல்லா இருக்கீங்களான்னா, ஏதோ இருக்கறோம்னு சொல்றதில்லையா? அதாட்டத்தான். அதுக்குப் பேரு பொய்யா?

சிரிக்காதீங்க. சிரிக்கற சமாச்சாரம் இல்ல இது. பதிமூணு வருசத்துக்கு முந்தி ஒரு கல்யாணப் பந்தியில எங்கூட்டுக்காரரு வாயை உட்டுட்டாரு. "நம்முளுது தொண்ணூத்தஞ்சு போடுதப்பா"ன்னு, எலையில உக்காந்துக்கிட்டு. சந்தோசத்துல சொன்னாரு, பாவம். பந்தியே திரும்பிப் பாத்துச்சு. நான் பரிமாறிக்கிட்டு இருந்தேன், சாம்பார் வாளி கையை உட்டு நழுவிருச்சு. ஒம்பதாம் நாளு வெள்ளக் கழிச்சல் வந்துச்சுங்க. காலையில நின்ன கோழி மத்தியானம் இல்ல. குழி தோண்டறதுக்கு ஜேசிபி வந்துச்சு. சுண்ணாம்பு போட்டு மூடுனோம். மூடுன அன்னைக்குப் படுத்தவரு எந்திரிக்கல. மாரடைப்புன்னாங்க. எனக்குத் தெரியாதா என்னன்னு? சங்கவி அப்ப எட்டாவது. "தடுப்பூசி போடறது பத்து நாளு தள்ளிப் போச்சும்மா, அதுதான் காரணம்"னு இப்பச் சொல்லுவா. தள்ளிப் போனது என்னமோ நெசந்தான்.

அன்னையிலிருந்து என் வாயில அந்தக் கணக்கு வந்ததில்லீங்க. வேலைக்கு வர்ற ஆளுக்குத் தெரியாது. அவளுக்கே தெரியாது. அவதான் ஒம்பதாவதுல இருந்து ஹாஸ்டலாச்சே. மூணு ஷெட்டும் என் மனசுக்குள்ளதான்.

சட்டிச் சோறா? ஆமா, இப்பத்தான சொன்னேன். ஒரு கட்டு வெறகு. பத்துப் பேரு தின்னா ஆளுக்குக் கொஞ்சம். அஞ்சு பேரு தின்னா ஆளுக்கு ரெட்டிப்பு. டீச்சருன்னா மறுபடி மறுபடி ஒப்பிக்கச் சொல்லுவீங்களா? வெறகுன்னா தீவனம். அதை உள்ளபடி சொல்லிட்டேன். திங்கற ஆளுன்னா முட்டை. அதை...

இருங்க அம்மிணி. இருங்க.

வெறகைச் செரியாச் சொல்லிப்போட்டு, ஆளைக் கொறைச்சுச் சொல்லிட்டேன்.

ஐயோ. நான் மட்டும் இல்லீங்க, நாப்பது பண்ணையும்! நாச்சிமுத்தண்ணன் கழுத்துல கத்திய வெச்சாலும் எழுவதுக்கு மேல சொல்ல மாட்டாரு. அந்த ஊர்க்காரன் பலகையில எழுதி மாட்டியிருக்கான். அதையும் இதையும் பக்கத்துல வெச்சா எங்களுதுதான புகையா வரும்? அட கடவுளே. எம்புள்ள கணக்கைச் செரியாத்தான் போட்டிருக்கறா. இருவத்தி நாலு நாளா அவளைத் திட்டுன திட்டு...

இருந்தாலும் தப்பு அவ மேலதான்! ஒரு வெள்ளக்காரிய நடுவுல நிக்க வெச்சுக்கிட்டா கேப்பாங்க? கொல்லைப் பக்கம் கூட்டிக்கிட்டுப் போயி காதோட காதாக் கேட்டிருந்தா சொல்லியிருப்பனே! ...என்னங்க? போன்ல கேட்டாளா? "எங்கிட்டயாவது சொல்லும்மா"ன்னா. ஆமா. கேட்டா.

மணி என்னங்க? பத்தேகாலா? இந்த வண்டி போற போக்குக்கு... சொல்லிர்றேன். போன்லயே அவ காதுல மட்டும் மெதுவாச் சொல்லிர்றேன். மெதுவாச் சொன்னா ஒண்ணும் ஆவாது. இந்தத் தட்டைச் சித்த புடிங்க. எடுப்பாளா? நான் திட்டுன திட்டுக்கு எடுக்க மாட்டா...

ஹலோ. நாந்தான். மொத மணியிலயே எடுத்துட்டயா? ...அழுவாதே. அழுவாதேங்கறேன்ல. ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க, திருப்பிக் கேக்காதே. எண்பத்தேழு. ...எண்பத்தேழு. ...என்ன, கேக்கலையா? பஸ்ஸுல இருக்கறேன் புள்ள. பாட்டுப் போட்டிருக்கறான். எண்பத்தேழு! ...ஏனுங்க டிரைவரு, அந்தப் பாட்டை நிறுத்துங்க, எம்புள்ளைகிட்டப் பேசிக்கிட்டு இருக்கறேன்! ...சங்கவி, எழுவது இல்லடி! எண்பத்தேழு! நூத்துக்கு எண்பத்தேழு முட்டை! வருசம் பூரா!

என்னங்க எல்லாரும் திரும்பிப் பாக்கறீங்க? முன்னாடி பாருங்க! டிக்கெட்டு எடுத்தது ரோட்டைப் பாக்கத்தான!

...இல்ல புள்ள, பஸ்ஸுல இருக்கறவங்களைச் சொன்னேன். ...என்ன? மத்தவங்களா? அவங்களும்தான். அத்தனை பேரும்தான். எனக்கு எப்படித் தெரியுமா? நானும் பண்ணைக்காரிதான? ...கூட்டத்துல ஒத்துக்க மாட்டாங்க, அது எனக்குத் தெரியும். நாச்சிமுத்தண்ணன் வந்திருக்கறாரா? மொத வரிசையிலயா? அப்பச் செரி. நான் வர்றேன். மைக்கை என் கையில குடு. நான் மொதல்ல எந்திரிச்சுச் சொல்றேன். நான் சொன்னதுக்கப்பறம் அவரு வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கறாரான்னு பாத்தர்றேன். நீ மொதல்ல போயி ரெண்டு இட்டிலி தின்னு. ...என்னது? அப்பா பந்தியில சொன்னதால வந்தது இல்லையா?

...தெரியும் கண்ணு. ஊசிதான். பத்து நாளு தள்ளிப் போச்சு. தெரியும். ...இந்த வருசம் மூணு ஷெட்டுக்கும் போட்டாச்சு. நானே நின்னு போட வெச்சேன். ஒரு நாளு தள்ளல. ...வெச்சர்றேன்.

வெச்சுட்டா. அழுவறாளா சிரிக்கறாளான்னே தெரியல.

பதிமூணு வருசமா ஒருத்தருகிட்டயும் சொல்லாததை ஒரு பஸ்ஸுக்கே சொல்லிப்போட்டேன். இப்ப எறங்கிப் போயி ஒரு மண்டபத்துக்கே சொல்லோணும், அந்தப் பச்சைக் கண்ணு பாக்கப் பாக்க. ஊசி போட்டாச்சு, எல்லாம் போட்டாச்சு, இருந்தும் ஊட்டுக்குப் போனதும் உப்பு மொளகா சுத்தத்தான் போறேன். அந்த முட்டைத் தட்டை நீங்களே வெச்சுக்கங்க அம்மிணி. வெள்ளக்காரம்மாகிட்ட இதை வெச்சு என்னத்தக் கேக்கறது? ஊட்டுல பொரிச்சுச் சாப்புடுங்க.

ஸ்டாண்டு வந்துருச்சு. ஒரே ஒரு ஒத்தாசை பண்ணுங்க. பக்கத்துல உக்காந்து கேட்டவங்க நீங்கதான். கண்ணு படாம மூணு தடவை துப்பிருங்க. ஐய, ஜன்னலுக்கு வெளிய வேண்டாம், கீழ ஆளுங்க நிக்கறாங்க. இந்தப் பக்கம் திரும்பி எம்மேலயே துப்புங்க. எனக்கு வேணும்.